சோயா சாஸ் - ஒரு சொல்லாராய்ச்சி

ஒரு நாட்டிற் புதிய பண்டம் ஒன்று புகும்போது அதனோடு அதன் பெயரும் புகுதல் இயல்பு. அப்பண்டத்தை ஏற்கும் மக்கள் அதன் விலையை ஆராய்வர்; சுவையை ஆராய்வர்; பெயரை மட்டும் ஆராயாமலே ஏற்றுக்கொள்வர். பெயர்தானே, அதனால் ஆவது யாது என்று கருதுவாரும் உளர். அங்ஙனம் ஆராயாது ஏற்ற பெயர் ஒன்று எங்கள் குடும்பத்தில் ஒருவர் உடல்நலத்திற்கு ஊறு விளைத்து வந்ததை யான் கண்டேன். அதுவே இச்சிறு கட்டுரை எழுதுதற்குக் காரணமாயிற்று.

சென்ற கோடை விடுமுறையில் என் தாய்மாமன் இல்லத்திற் பத்து நாள் தங்கியிருந்தேன். மாமாவுக்குக் குருதியழுத்த நோய் உண்டு. உப்பைக் குறைத்தல் வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. அக்கட்டளை பிறந்த நாள்முதல் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அவ்வீட்டை விட்டு அகன்றன. ஆயினும், பிள்ளைகளின் விருப்பத்திற்கிணங்க ஞாயிற்றுக்கிழமை இரவில் அத்தை நூடுல்ஸ் சமைப்பது வழக்கம். அன்று மாமா ஒரு புட்டியை எடுத்து, அதிலிருந்த செங்கரு நிற நீரைத் தம் தட்டில் தாராளமாக ஊற்றிக்கொண்டார். "மாமா, சோயா சாஸில் உப்பு இருக்குமே" என்றேன். அவர் புட்டியை என் பக்கம் திருப்பி, "நன்றாய்ப் பாரும், மருமகனே! 'லைட்' என்று போட்டிருக்கிறது. உப்புக் குறைந்தது என்றுதானே கடை கடையாய்த் தேடி வாங்கி வந்தேன்" என்றார்.

தேநீர்க் கடையில் 'லைட்' என்று கேட்டால் கடுமை குறைந்த தேநீர் கிடைக்கும். 'லைட்டாக' என்றால் சிறிதளவாக என்பதே நம் தெருவழக்கு. மாமா அவ்வழக்கைக் கொண்டே புட்டியின் மேலிருந்த சொல்லுக்கும் பொருள் கொண்டார். அடுக்களையில் 'டார்க்' என்று எழுதிய வேறொரு புட்டியும் இருந்தது. இரண்டின் பின்புறத்தும் சிற்றெழுத்தில் அச்சிட்டிருந்த கணக்கை இருவரும் சேர்ந்து படித்தோம். உப்பைப் பொறுத்தவரையில் 'லைட்' என்னும் புட்டி மற்றதற்குச் சிறிதும் இளைத்ததாக இல்லை. மாமா திகைத்தார். தமிழ் சிறப்பு வகுப்பில் சொல்லிலக்கணம் பயிலும் யானும் அச்சொல்லுக்கு உடனே விடை கூற இயலாது நின்றேன். பின்னர்த் தேடியறிந்தவற்றை ஈண்டு முறைப்படுத்திக் கூறுகின்றேன்.

பொருள் யாது?

பெயரை ஆராயுமுன் பெயர் குறிக்கும் பொருளை அறிதல் வேண்டும். சோயா சாஸ் என்பது சோயா அவரையையும் கோதுமையையும் பூஞ்சணத்தின் உதவியாற் பக்குவப்படுத்தி, உப்புநீரில் நெடுநாள் புளிக்கவைத்துப் பிழிந்தெடுக்கும் சுவைநீராகும்.

சப்பானிய நாட்டில் பெரும்பான்மையாக வழங்கும் முறை இது. அவரையை ஊறவைத்து ஆவியில் வேகவைப்பர். கோதுமையை வறுத்து உடைப்பர். இரண்டையும் ஏறத்தாழ ஒத்த அளவிற் கலந்து, 'ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே' முதலிய பூஞ்சணங்களின் வித்தை அக்கலவையின்மேல் தூவுவர். இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் படர்ந்து கலவையை மூடும். இந்நிலையில் அதற்குக் 'கோஜி' என்பது பெயர். கோஜியை உப்புநீரில் இட்டு மாதக்கணக்கில் வைப்பர். அப்போது அவரையின் புரதம் அமினோ அமிலங்களாகவும், கோதுமையின் மாவு சர்க்கரையாகவும் பிரிகின்றன. உப்பைத் தாங்கும் நுண்ணுயிர்கள் புளிப்பையும், ஈஸ்ட் என்பது மணத்தையும் தருகின்றன. ஆறு திங்களோ அதற்கு மேலோ சென்றபின், துணியிலிட்டுப் பிழிந்து, சூடேற்றி, புட்டியில் அடைப்பர். நம் இல்லங்களில் இட்டலி மாவு ஓரிரவிற் புளிக்கின்றது. இதுவோ பருவங்கள் பல கடந்து புளிக்கின்றது.

இதன் சுவைக்குக் காரணம் யாது? 1908ஆம் ஆண்டில் கிக்குனே இக்கேதா என்னும் சப்பானிய வேதியியலறிஞர், கடற்பாசி ஒன்றின் சாற்றை ஆராய்ந்து, அதன் சுவைக்கு முதலாயிருப்பது குளூட்டமிக் அமிலத்தின் உப்பு என்று கண்டார். அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். சோயா சாஸின் சுவைக்கும் அப்பொருளே பெரிதும் காரணமாகும்.

இவ்வாறன்றி, அவரைப் பிண்ணாக்கை ஐதரோகுளோரிக் அமிலத்திற் காய்ச்சிச் சில நாளிலேயே செய்து முடிக்கும் மலிவான முறையும் ஒன்று உண்டு. அம்முறையில் '3-எம்.சி.பி.டி.' என்னும் தீய பொருள் உண்டாதல் கூடும். 2001ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தின் உணவுத்தர அமைப்பு செய்த ஆய்வில், இறக்குமதியான சில புட்டிகளில் அது மிகுந்திருக்கக் கண்டு மக்களை எச்சரித்தது. மாதக்கணக்கிற் புளித்ததற்கும் அமிலத்திற் காய்ச்சியதற்கும் பெயர் ஒன்றே. ஆகவே, பெயர் ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றே என்று முடிவு செய்தல் பிழையாம் என்பது தொடக்கத்திலேயே விளங்கும்.

எண்ணெயில்லாத எண்ணெய்

இப்பண்டத்தின் பிறப்பிடம் சீன நாடு. அங்கே பழங்காலந்தொட்டு 'ஜியாங்' என்னும் உப்புக் கூழ் ஒன்று வழங்கிவந்தது. முதலில் இறைச்சியையும் மீனையும் உப்பிட்டுப் புளிக்கவைத்தே அதனை ஆக்கினர். பின்னர் அவரையும் அவற்றின் இடத்தைப் பெற்றது. ஜியா சிசியே என்பார் 6ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'சிமின் யாவோசு' என்னும் வேளாண்மை நூலில் ஜியாங் ஆக்கும் வகைகள் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. அக்கூழின்மேல் ஊறித் தெளிந்த நீரைத் தனியே எடுத்துப் பயன்படுத்தும் வழக்கம் வளர்ந்தபின், அந்நீருக்கு 'ஜியாங்யோ' என்னும் பெயர் உண்டாயிற்று. சோங் மரபினர் ஆட்சியில், 13ஆம் நூற்றாண்டின் உணவு நூலொன்றில் இச்சொல் காணப்படுகின்றது.

ஜியாங்யோ என்பதன் பிற்பகுதியாகிய 'யோ' என்பதற்குச் சீன மொழியில் எண்ணெய் என்பது பொருள். ஆகவே சொல்லுக்குச் சொல் பொருள் கூறின், 'கூழின் எண்ணெய்' என்றாகும். ஆயின் இந்நீரில் எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லை. கூழிலிருந்து பிரிந்து மேலே தெளிந்து நின்றமையால் அப்பெயர் பெற்றது போலும்.

இஃது அயன்மொழியில் மட்டும் காணப்படும் விந்தையன்று. நம் மொழியில் 'எண்ணெய்' என்னும் சொல் எள் + நெய் எனப் பிரியும். எள்ளின் நெய்க்கே உரிய அப்பெயர் நாளடைவில் எல்லா வித்துக்களின் நெய்க்கும் பொதுவாயிற்று. 'தேங்காய் எண்ணெய்' என்கின்றோம்; அங்கே எள் இல்லை. 'மண்ணெண்ணெய்' என்கின்றோம், அங்கே எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. ஆயினும் யாரும் மயங்குவதில்லை. வழக்கு என்பது பகுதி விகுதிகளின் பொருளைக் கடந்து தன் வழியே செல்லும் ஆற்றலுடையது.

அண்டை நாட்டார் பலரும் இப்பெயரின் எண்ணெயை விடாது போற்றுகின்றனர். கான்டன் நகர்ப்புறத்தார் இதனைச் 'சி-யாவ்' என்பர். புளித்த அவரையின் எண்ணெய் என்பது அதன் பொருள். தாய்லாந்தினர் கூறும் 'சி-இவ்' என்பதும் அச்சொல்லின் இனமே. ஃபுக்கியன் நாட்டுச் சீனர் 'தாவ்-யூ', அதாவது அவரை எண்ணெய், என்பர்; அதுவே பிலிப்பைன்சில் 'தோயோ' எனத் திரிந்து வழங்குகின்றது. கொரிய மக்கள் மட்டும் 'கன்ஜங்' என்று, உவர்ப்புடைய கூழ் எனப் பொருள்படக் கூறுவர். உள்ளதை உள்ளவாறு உரைக்கும் பெயர் அஃதொன்றே எனலாம்.

மகள் பெயரைத் தாய் பெற்ற கதை

சப்பானியர் சீனரின் எழுத்துக்களையே கொண்டு, அவற்றைத் தம் மொழியின் ஒலியில் 'ஷோயு' என்று படித்தனர். நாகசாகி நகரில் 1603ஆம் ஆண்டில் இயேசு சபைக் குருமார் அச்சிட்ட சப்பானிய-போர்த்துக்கேய அகராதியில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. 32,000 சொற்களுக்கு மேற்பட்ட அவ்வகராதி, அந்நாட்டு மக்கள் அன்று பேசிய மொழிக்கு இன்றும் சிறந்த சான்றாக விளங்குகின்றது. வேதம் போதிக்கச் சென்றோர் அடுக்களைச் சொல்லையும் விடாது தொகுத்தனர் என்பது நம்மனோர் கருதத்தக்கது. மக்கள் உண்பதை அறியாதவன் அவர்தம் மொழியை அறிந்தவனாகான்.

பின்னர், நாகசாகியை அடுத்த தெசிமா என்னும் சிறு தீவில் தங்கி வாணிகம் செய்ய டச்சுக்காரர் மட்டும் இசைவு பெற்றிருந்தனர். அவர்தம் கப்பல்களில் ஷோயுவும் ஏறிற்று. 1737ஆம் ஆண்டில் 75 பெரிய பீப்பாய்கள் தெசிமாவிலிருந்து படேவியா நகருக்கு அனுப்பப்பட்டன என்றும், அவற்றுள் 35 பீப்பாய்கள் ஆலந்து நாட்டிற்குச் சென்றன என்றும் அக்கம்பெனியின் ஏடுகள் கூறுகின்றன. 'ஷோயு' டச்சுக்காரர் நாவிற் 'சோயா' ஆயிற்று. ஆங்கிலர் நாவிற் 'சோய்' ஆயிற்று.

ஆங்கிலர் இதனை முதலில் அறிந்த வரலாறு சுவையானது. மெய்யியலறிஞர் ஜான் லாக் 1679ஆம் ஆண்டில் தம் நாட்குறிப்பில், கிழக்கிந்திய நாடுகளிலிருந்து வரும் சுவைப்பண்டங்களாக மாங்காயையும் 'சாயோ' என்பதையும் குறித்துள்ளார். 1689இல் சூரத்து நகருக்கு வந்த ஜான் ஓவிங்டன் என்னும் ஆங்கிலக் குருவானவர், 1696இல் வெளியிட்ட பயணநூலில், மூங்கில் ஊறுகாய், மாங்காய் ஊறுகாய் ஆகியவற்றோடு 'சௌயி' என்பதையும் சேர்த்துக் கூறி, அதனை மிக உயர்வாகப் போற்றுகின்றார். ஆகவே, இப்பண்டம் நம் நாட்டிற்கு நேற்று வந்த விருந்தன்று. முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே மேலைக் கடற்கரையில் ஆங்கில வணிகர் மேசையில் இடம்பெற்றது. கப்பலோட்டியாகிய வில்லியம் டாம்பியர் 1699இல் வெளியான தம் நூலில், இது மீனாலாயது என்று சிலர் கூறக் கேட்டதாகவும், ஆயின் அறிந்தவர் ஒருவர் கோதுமையும் ஒருவகை அவரையும் உப்பும் நீருமே இதன் பொருள்கள் எனத் தெளிவித்ததாகவும் எழுதுகின்றார். பெயர் தெரிந்தும் பொருள் தெரியாது மயங்கியவர் என் மாமாவுக்கு முன்னும் பலர் இருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

ஈண்டு ஓர் அரிய செய்தி உளது. அக்காலத்தே 'சோய்', 'சோயா' என்னும் பெயர்கள் சுவைநீரை மட்டுமே குறித்தன. அதனை ஆக்கும் அவரையை ஐரோப்பியர் பெரும்பாலும் கண்டிலர். அவ்வவரைக்குச் சப்பானியர் வழங்கும் பெயர் 'தைசு' என்பது. பெரிய அவரை என்பது அதன் பொருள். சீனர் 'பெரிய அவரை' என்றும் 'மஞ்சள் அவரை' என்றும் கூறுவர். 'சோயா' என்னும் ஒலி அவற்றுள் எதிலும் இல்லை. தெசிமாவில் மருத்துவராயிருந்த எங்கெல்பெர்ட் கெம்ப்ஃபர் 1712இல் வெளியிட்ட நூலில் அச்செடியையும் ஷோயு ஆக்கும் முறையையும் விளக்கினார். அதன்பின் 1753இல் லின்னேயசு செடிகட்குப் பெயரிட்டபோது, 'சோஜா' என்னும் சொல்லை அச்செடியின் பெயரிற் சேர்த்தார். இன்று தாவரநூலார் அதனைக் 'கிளைசீன் மாக்ஸ்' என்பர். ஆயினும் உலக வழக்கில் 'சோயா' என்னும் பெயரே நிலைத்துவிட்டது.

ஆகவே, சோயா அவரையிலிருந்து ஆக்கப்பட்டமையால் சோயா சாஸ் என்று பெயர் வந்தது என நாம் கருதுவது தலைகீழாம். சோயா என்னும் சுவைநீர் ஆக்கப் பயன்படுவதால் அவ்வவரை சோயா அவரை எனப் பெயர் பெற்றது என்பதே உண்மை. மகள் பெயரைத் தாய் பெற்றாள். நம் இலக்கண நூலார் இதனைக் காரியவாகுபெயர் என்பர். காரியத்தின் பெயர் அதன் காரணத்திற்கு ஆகி வந்தது. வகுப்பறையில் ஆகுபெயரின் வகைகளை எண்ணி மனப்பாடம் செய்தபோது, அவ்விதி கடல் கடந்த நாட்டுச் சொல்லுக்கும் இத்துணைப் பொருத்தமாக அமையும் என்று யான் எண்ணியதில்லை.

சாஸ் என்பது

பெயரின் பிற்பகுதியாகிய 'சாஸ்' உரோம நாட்டிலிருந்து வந்தது. இலத்தீன் மொழியில் 'சால்' என்பது உப்பு. 'சல்சா' என்பது உப்பிட்டது. அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற் 'சாஸ்' ஆயிற்று. சால் என்னும் வேரிலிருந்தே, ஊதியத்தைக் குறிக்கும் 'சாலரி' என்னும் ஆங்கிலச் சொல்லும் பிறந்தது. ஆகவே 'சோயா சாஸ்' என்னும் தொடரின் முற்பாதி சப்பானையும் பிற்பாதி உரோமையும் தாயகமாக உடையன. உப்பு என்னும் செய்தி அப்பிற்பாதியில் மறைந்து கிடக்கின்றது. மாமா அதனைக் கண்டிருந்தால், ஊற்றுமுன் ஒருகால் எண்ணியிருப்பார்.

நம் ஊர்க் கடைகளில் 'சாஸ்' என்று மட்டும் கூறின், பெரும்பாலும் தக்காளிச் சாஸையே எடுத்துத் தருவர். அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'கெச்சப்'. அச்சொல்லோ மலாய் மொழியின் 'கிச்சாப்' என்பதினின்றும், அது ஃபுக்கியன் சீனர் மீன் உவர்நீருக்கு இட்ட பெயரினின்றும் வந்தது என்பர். இந்தோனேசியாவில் இன்றும் 'கெச்சாப்' என்றால் சோயா சாஸ். அதனுள்ளும் பனைவெல்லம் சேர்த்த 'கெச்சாப் மானிஸ்' என்னும் இனிப்பு வகை அந்நாட்டிற்கே சிறப்பாக உரியது. மீனிற் பிறந்து, அவரையிற் குடிபுகுந்து, தக்காளியில் முடிந்த அச்சொல்லின் வரலாறு தனியொரு கட்டுரைக்கு உரியது.

வழக்கில் வாழும் சொல்

ஒரு சொல்லின் பொருளை அகராதி ஒருவாறு உணர்த்தும். மக்கள் வாய்மொழியே முழுதும் உணர்த்தும். சீனர், காலையிற் கதவைத் திறந்தவுடன் இல்லறத்தான் தேடவேண்டிய பொருள்கள் ஏழு என்பர். விறகு, அரிசி, எண்ணெய், உப்பு, ஜியாங், காடி, தேயிலை என்பன அவை. இவற்றுள் ஜியாங்கிற்கும் இடமுண்மையால் அஃது அவர்தம் வாழ்வில் எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

புட்டிகள் கடையில் நிறைந்து விற்கப்படாத நாளில், ஒவ்வொரு வீட்டாரும் வெற்றுப் புட்டியைக் கொடுத்தனுப்பி, கடைக்காரர் பீப்பாயிலிருந்து முகந்து ஊற்றும் ஜியாங்யோவை வாங்கி வருவர். அவ்வேலைக்குச் செல்வோர் சிறுவரே. அதனால் 'அவர் பிள்ளை ஜியாங்யோ வாங்கி வரும் அளவுக்கு வளர்ந்துவிட்டான்' என்று கூறுவது, காலம் விரைந்து சென்றதை வியக்கும் வழக்காயிற்று. நம் நாட்டிலும் எண்ணெய்ப் புட்டியின் கழுத்திற் கயிறு கட்டித் தூக்கிச் சென்ற சிறுவர்களை மூத்தோர் நினைவு கூர்வர்.

2008ஆம் ஆண்டில் இத்தொடர் புதியதொரு பொருளையும் பெற்றது. குவாங்சோ நகரத் தெருவில் தொலைக்காட்சியினர் ஒருவரை நிறுத்தி, ஊரெங்கும் பேசப்பட்ட செய்தி ஒன்றைப் பற்றி அவர் கருத்தை வினவினர். தமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும், தாம் ஜியாங்யோ வாங்க வந்தவர் என்றும் அவர் விடையிறுத்தார். அன்றுமுதல், 'ஜியாங்யோ வாங்குதல்' என்பது ஒரு செய்தியிற் கலந்துகொள்ளாது ஒதுங்கி நிற்றலைக் குறிக்கும் குறிப்புமொழியாய் நாடெங்கும் பரவிற்று.

சப்பானியர் சமையல் பயிலும் சிறுமியர்க்கு 'ச, ஷி, சு, செ, சோ' என்னும் ஐந்தெழுத்தைக் கற்பிப்பர். சர்க்கரை, உப்பு, காடி, ஷோயு, மிசோ என்னும் ஐந்தையும் எந்த வரிசையில் இடவேண்டும் என்பதற்கு அவ்வெழுத்துக்கள் நினைவுக்குறி. 'ஷோயு' என்னும் சொல்லுக்குச் 'செ' எவ்வாறு பொருந்தும் எனின், 'செயுயு' என எழுதிய பழைய எழுத்துமுறை அக்குறியில் மட்டும் அழியாது நிற்கின்றது. அந்நாட்டுச் சுஷிக் கடைகளில் இதற்கு 'முரசாக்கி' என்று மற்றொரு பெயரும் உண்டு. ஊதா நிறம் என்பது அதன் பொருள்.

நிறமும் உப்பும்

இனி, மாமாவின் புட்டிக்கு வருவோம். சீன நாட்டில் சோயா சாஸ் இருவகைப்படும். முதலிற் பிரித்தெடுக்கும் தெளிந்த நீரை 'ஷெங்சோ' என்பர். உணவுக்கு உப்பும் சுவையும் ஊட்டுவது அது. நெடுநாள் வைத்தும், பெரும்பாலும் காய்ச்சிய சர்க்கரைப் பாகு சேர்த்தும் ஆக்கும் கரிய குழம்புநீரை 'லாவோசோ' என்பர். உணவுக்கு நிறம் ஊட்டுவது அது. இவ்விரண்டையும் ஆங்கிலத்தில் முறையே 'லைட்' என்றும் 'டார்க்' என்றும் பெயர்த்தனர். ஆகவே அப்புட்டியில் 'லைட்' என்பதன் பொருள் வெளிர்நிறமும் நீர்த்த தன்மையுமேயன்றி, உப்பின் குறைவு அன்று.

சப்பானிய வகைகள் இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். அங்குப் பெருவழக்காயுள்ள 'கொயிகுச்சி' என்னும் கரிய வகையில் உப்பு நூற்றுக்கு 16 அளவினது. 'உசுகுச்சி' என்னும் வெளிரிய வகையிலோ நூற்றுக்கு 18 அல்லது 19 அளவினது. நிறம் ஏறாதிருத்தற்பொருட்டு உப்பை மிகுத்துப் புளிப்பின் வேகத்தை அடக்குவர். ஆகவே நிறம் குறைந்ததில் உப்பு மிகுந்தது. உப்பு உண்மையிற் குறைந்த வகையை அவர்கள் 'கென்என்' என்று வேறு பெயரிட்டு விற்பர். அதில் உப்பு ஏறக்குறையப் பாதி.

மயக்கத்தை மிகுவிப்பது மற்றொன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில், சோடியத்தைப் பாதியாகக் குறைத்த உணவிற்கும் 'லைட்' என்னும் சொல்லை இடுதற்கு விதி இடந்தருகின்றது. ஒரே சொல் ஒரு புட்டியில் நிறத்தையும், மற்றொரு புட்டியில் உப்பையும் குறிக்கின்றது. இத்தகைய பலபொருள் ஒருசொல்லைச் செய்யுளிற் கண்டால் சிலேடை எனப் போற்றுவோம். உணவுப் புட்டியிற் கண்டால் அஞ்சவேண்டும். வழக்கமான சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில், அதாவது 15 மில்லிலிட்டரில், சோடியம் ஏறத்தாழ 900 மில்லிகிராம் உண்டு. வளர்ந்தோர் ஒருவர் ஒரு நாள் முழுதும் கொள்ளும் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரண்டு கரண்டி ஊற்றினால் ஒரு நாளைய அளவு ஏறக்குறைய முடிந்துவிடும்.

பெயரால் விளையும் மற்றொரு மயக்கமும் ஈண்டுக் கூறத்தக்கது. சோயா என்னும் பெயர் மட்டும் கேட்டு, இதில் கோதுமை இல்லை எனச் சிலர் கருதுவர். கோதுமை ஒவ்வாதார்க்கு இஃது ஏதம் பயக்கும். கோதுமை சேராமலோ மிகச் சிறிதே சேர்ந்தோ ஆக்கப்படும் 'தமாரி' என்னும் வகை உண்டு. அதனையும் சீட்டைப் படித்தறிந்தே கொள்ளுதல் வேண்டும்.

தமிழில் இதன் நிலை

நம் நாட்டில் 'சோயா' என்று வாளா கூறின், அவரையையோ அன்றி எண்ணெய் எடுத்தபின் எஞ்சிய அவரைமாவில் ஆக்கும் உருண்டைகளையோ பெரும்பாலும் குறிக்கும். அவ்வுருண்டைகளைப் பலர் 'மீல் மேக்கர்' என்பர். ஒரு வணிகப்பெயர் பொதுப்பெயரானதற்கு அஃது எடுத்துக்காட்டு. சுவைநீரைக் குறிக்கவேண்டின் 'சாஸ்' என்னும் அடையாளம் இன்றியமையாததாகின்றது. தொடக்கத்திற் சுவைநீருக்கே உரியதாயிருந்த பெயரை அவரை முழுதும் கைப்பற்றிக்கொண்டமையால், அதன் பழைய உரிமையாளர் துணைச்சொல் ஒன்றின்றி வெளிவர இயலவில்லை.

இதற்குத் தனித்தமிழ்ப் பெயர் இடலாகாதோ எனின், யானும் நண்பரும் விடுதியில் அமர்ந்து சில பெயர்களை முயன்றோம். 'சோயாச் சாறு' என்றால் பச்சை அவரையைப் பிழிந்த சாறு என மயங்க நேரும். 'சோயாக் குழம்பு' என்றால் சோற்றிற் பிசைந்து உண்பது என எண்ணுவர். 'அவரைக் காடி' என்றால் புளித்தமை விளங்கும், உவர்ப்பு விளங்காது. தொல்காப்பியனார் சொற்களை நால்வகைப்படுத்தித் திசைச்சொல்லுக்கும் இடம் வகுத்துள்ளார். நம் மொழியும் பிறமொழிகட்குச் சொற்களை வழங்கியுள்ளது. நம் மிளகுதண்ணீர் ஆங்கிலத்தில் 'மல்லிகட்டானி' ஆகி, இறைச்சியும் சேர்ந்த கெட்டியான சூப்பினைக் குறிக்கின்றது. தண்ணீர் அங்கே பெயரளவில் மட்டும் உளது. கொடுத்தவர் கொள்ளுதலும் முறையே. ஆகவே 'சோயா சாஸ்' என்னும் பெயரை அவ்வாறே ஏற்றுக்கொள்ளுதலில் இழுக்கில்லை. பொருளறியாது ஏற்றுக்கொள்ளுதலே இழுக்கு.

எண்ணெய் என்று கூறி எண்ணெயில்லாததும், அவரையின் பெயர் போலத் தோன்றி அவரைக்கே பெயர் ஈந்ததும், வெளிர்நிறத்தைக் குறிக்கும் சொல்லால் உப்புக் குறைவு எனக் கருதச் செய்ததுமாகிய இவ்வொரு பெயரில் இத்துணைச் செய்திகள் அடங்கியுள்ளன. சொல்லாராய்ச்சி ஏடுகளோடு நிற்பது, உண்பார்க்கும் உடுப்பார்க்கும் அதனால் ஆவது ஒன்றுமில்லை என்று நம்மை நகைக்கும் பிற துறை நண்பர்கள் இதனைச் சிறிது எண்ணுவாராக.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்புமுன் இவையனைத்தையும் மாமாவிடம் கூறினேன். அவர் பொறுமையோடு கேட்டு, "இவ்வளவும் அந்தச் சின்னப் புட்டிக்குள்ளேயா இருந்தது!" என்றார். அண்மையில் அத்தை எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி இருந்தது. இப்போது மாமா கால் தேக்கரண்டிக்கு மேல் ஊற்றுவதில்லையாம். புட்டியின்மேல் தம் கையாலேயே ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கின்றாராம். அதில், "நிறம் மட்டுமே லைட்" என்று எழுதியுள்ளதாம்.